வாசல்வரை வரவேண்டிய சிகிச்சை

1995ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மறதி நோய்க்கு ஆளான உறவினரை வீட்டில் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், வயதிலும் குடும்ப வருமானத்திலும் அவர்களுக்கு இணையான, ஆனால் அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்களின் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் தோல் எடுக்கப்பட்டு, அந்தச் சிறு காயம் ஆறுவதற்கு ஆகும் காலம் கணக்கிடப்பட்டது. பராமரிப்பவர்களுக்கு அது சராசரியாக 48.7 நாள்களிலும் மற்றவர்களுக்கு 39.3 நாள்களிலும் ஆறியது. காயத்தை ஆற்றும் பணியைத் தொடங்கிவைக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்துக்கான மரபணுச் செய்தியை உருவாக்கும் திறன், பராமரிப்பவர்களின் ரத்த அணுக்களில் குறைந்திருந்தது. நோயாளியைக் கவனிக்கும் உழைப்பு, கவனிப்பவரின் நோய் எதிர்ப்பு ஆற்றலையே தளரச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் தனியொரு நோயன்று; நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகச் சிதைந்து, அன்றாட வாழ்வே பிறரைச் சார்ந்ததாகிவிடும் நிலைக்கு அது பொதுப்பெயர். அல்சைமர் நோயே அதற்கு மிகப் பரவலான காரணம். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நிலையில் வாழ்கின்றனர். உலக அளவில் இவர்களுக்கான பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே அளிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் அந்தப் பெண் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மனைவியாக இருந்தால், சர்க்கரை நோயும் மூட்டுவலியும் கொண்ட முதியவராக அவரே இருப்பதும் உண்டு.

வடசென்னையில், தீப்பெட்டி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய விம்கோ நகரிலும் அதைச் சூழ்ந்த திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலும் ஷிப்டு முறையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அண்மை நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவதால், காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். ஆனால் முப்பது ஆண்டுகள் பழகிய வேலைநேரம் நெடுநாள் தங்கியிருக்கும். உடலின் உயிரியல் கடிகாரமும் சீர்குலைவதால், பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் மிகுகின்றன. அவ்வேளையில் ஒருவர் நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பாட்டு கேரியரைக் கேட்டு நின்றால், ரிட்டயர்டாகிப் பல வருடமாயிற்று என்று வாதாடுவது அவருடைய அச்சத்தையே கூட்டும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, தேநீர் கொடுத்து, வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, தெருவில் சற்று நடத்தி அழைத்துவந்தால் அந்தப் பதற்றம் பல நேரங்களில் தானே அடங்கும். பதற்றம் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று பெருகினாலோ, அதன் பின்னே சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் அல்லது சொல்லத் தெரியாத வலி இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இவை கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள். ஆனால் நோயைக் கண்டறிந்த நாளில் மாத்திரைச் சீட்டோடு இவற்றையும் சொல்லித்தரும் ஏற்பாடு அரிதாகவே இருக்கிறது.

சொல்லித்தந்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே விடை கிடைத்திருக்கிறது. உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்கள்சார் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற குறைபாட்டையே பெயராகச் சூடிய ‘10/66’ ஆய்வுக்குழு, 1998இல் கொச்சியில் நடந்த கூட்டத்தையொட்டி உருவானது. பின்னர் சென்னை நகரத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் கணக்கெடுப்பு நடத்தியது. அதே சிந்தனை வழியில், அமித் டயஸ், விக்ரம் படேல் ஆகியோரின் குழு கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள், பயிற்சி பெற்றபின், குறைந்தது பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை வீட்டுக்கே சென்று, நோயை விளக்கி, நடத்தைச் சிக்கல்களைக் கையாளக் கற்றுக்கொடுத்து, அரசு உதவிகளுக்கு வழிகாட்டி, தேவைப்பட்டபோது மனநல மருத்துவருடன் இணைத்தனர். ஆறு மாத முடிவில் பராமரிப்பவர்களின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனையும் தணிந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதே இந்த ஆய்வின் பெருமை.

சென்னைக்குச் சிகிச்சை மையங்களின் குறை பெரிதாக இல்லை. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. விம்கோ நகரில் ஏறினால் மாறாமல் மெட்ரோவிலேயே கிண்டிக்குப் போய்விடலாம். ஆனால் அந்நியர் கூட்டத்தைக் கண்டு மிரளும் கணவரை அழைத்துச் செல்வதும் கடினம், அவரைத் தனியே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆலோசனைக்குப் போவதும் இயலாது என்று தவிக்கும் பெண்ணுக்கு ரயில் எவ்வளவு விரைவாக ஓடினாலும் அந்தத் தொலைவு குறையாது. ஆகவே உதவிதான் வீட்டைத் தேடி வரவேண்டும்.

அதற்கான பாதையும் போடப்பட்டுவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளுடன் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். கோவாவில் கற்பிக்கப்பட்டதை இவர்களுக்கும் கற்பித்து, அப்பணிக்குத் தனியே ஊதியமும் மேற்பார்வையும் அளித்தால், மறதி நோய்க் குடும்பங்களுக்கான ஆதரவு புதிய கட்டடம் எதுவும் இல்லாமலே விம்கோ நகரின் சந்துகளை எட்டிவிடும். அதுவரை, உறக்கமற்ற இரவுகளில் பேச ஆளில்லாமல் உடைந்துபோகும் பராமரிப்பாளர், 14416 என்ற டெலி மனஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். தன்னார்வலரின் பயிற்சியில் முதலில் சேர்க்கவேண்டியது மிகச் சிறியது: முதியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, அவரைக் கவனிக்கும் பெண்ணுக்கும் பார்த்து, நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டு, அந்த விடையைப் பதிவேட்டில் அவர் பெயரிலேயே எழுதிக்கொள்வது.