கதவைத் திறந்தால் கடை திறந்ததா?

2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டுச் செய்திகளில் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள ஏறாவூரின் பெயர் அடிபட்டது. காரணம் சில படங்கள். நடுத்தெருவில் ஆண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். இரண்டு கைகளும் மேலே தூக்கியபடி. பக்கத்தில் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள். கொவிட் பயணத்தடையை மீறி வெளியே வந்ததற்கான தண்டனையாம். சாப்பாட்டுக் கடைக்குச் சாப்பாடு வாங்கப் போனவர்கள் அவர்கள் என்று ஊரார் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். படங்கள் சமூக ஊடகங்களில் பரவியதும் இராணுவம் விசாரணையைத் தொடங்கியது. அந்த இடத்தில் பொறுப்பாக இருந்த அதிகாரி நீக்கப்பட்டார், சம்பந்தப்பட்ட சிப்பாய்கள் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் அதிகாலை 4 மணிக்கு, மே 21 முதல் ஒரு மாதமாக நீடித்த பயணத்தடை நாடெங்கும் தளர்த்தப்பட்டது. நேற்று வரை தண்டனைக்குரியதாக இருந்தது இன்று விடிந்ததும் அனுமதிக்கப்பட்டதாகிவிட்டது. தொற்றுக் காலத்தில் ஒரு ஊரின் வியாபாரம் எப்படி மீண்டும் எழும்புகிறது, எப்படி எழும்பாமல் போகிறது என்று கேட்பவர்கள் இந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொவிட் காலம் முழுவதும் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாதம் ஒன்று உண்டு: உயிரா, வயிறா? ஒரு பக்கம் வைத்தியர்கள், மறுபக்கம் வர்த்தகர்கள். மூடினால் நோய் தோற்கும், பிழைப்பும் தோற்கும். திறந்தால் பிழைப்பு நடக்கும், நோயும் நடக்கும் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை திறப்பதும் வியாபாரம் நடப்பதும் ஒன்றுதான் என்று இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. வர்த்தமானி போட்டுக் கதவைத் திறக்கலாம், ஆளை உள்ளே கூட்டிவர முடியாது. பயமில்லாமல் சந்தைக்குப் போவதற்கும், காய்ச்சல் வந்தால் ஒளிக்காமல் சொல்வதற்கும், மூடச் சொன்ன நாளில் முணுமுணுப்போடாவது மூடுவதற்கும் சனங்களுக்குத் தேவைப்படுவது, விதியைப் போடுகிறவர்மேல் ஒரு நம்பிக்கை. இலங்கையில் அந்த நம்பிக்கை உடைந்த இடங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்கும் வைரசுக்கும் சம்பந்தமே இல்லை.

மீனை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடையிலுள்ள பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் கொவிட் கொத்தணி கிளம்பியது. அங்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. அதே மாதம் பேலியகொடை மத்திய மீன் சந்தையிலும் தொற்றுக் கண்டு சந்தையை மூடினார்கள். அங்கே போய் வந்தவர்கள் வழியாக நோய் நாட்டின் பல மூலைகளுக்கும் போனது. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனைப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. மீன் தின்றால் கொரோனா வரும் என்று எந்தச் சுகாதார அதிகாரியும் சொல்லவில்லை. மீன் வாங்கக் கூடாது என்று எந்த உத்தரவும் வரவில்லை. இருந்தும் சனங்கள் மீனைக் கைவிட்டார்கள். பிடித்த மீன் விற்காமல் கிடந்தது. நவம்பர் 17 அன்று முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் மாநாட்டுக்கு ஒரு பச்சை மீனைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கக் கடித்துத் தின்று காட்டினார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். மனிதர் பாவம், வேறென்ன செய்வார்? இரவில் மட்டக்களப்பு வாவியில் வலைபோட்டு, விடியற்காலையில் சந்தியில் வைத்து விற்கிறவருக்கும் பேலியகொடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாங்குகிறவரின் பயமோ மீன் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று விசாரிப்பதில்லை. எந்தச் சட்டமும் தொடாத ஒரு வியாபாரம் இப்படித்தான் படுத்தது.

இது நம் ஊர்ச் சனத்தின் அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. 2020 வசந்த காலத்தில் டென்மார்க் கடைகளை மூடியது. பக்கத்து நாடான சுவீடன் பெரும்பாலும் திறந்து வைத்தது. இரண்டு நாட்டு மக்களின் வங்கிக் கணக்குச் செலவுகளைப் பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். மூடிய டென்மார்க்கில் செலவு ஏறத்தாழ 29 வீதம் குறைந்திருந்தது, திறந்திருந்த சுவீடனில் 25 வீதம். உத்தரவால் வந்த வித்தியாசம் அந்த நான்கு வீதப் புள்ளிதான். மிச்சமெல்லாம் மக்கள் தாமாகக் கையை மடக்கிக்கொண்டது. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சிவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இன்னொரு வழியில் இதையே பார்த்தார்கள். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊரடங்கு, அந்தப் பக்கம் இல்லை என்றிருந்த இடங்களில் கடைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்தார்கள். மொத்த வீழ்ச்சி 60 வீதம். அதில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 வீதப் புள்ளி மட்டுமே. ஆகவே, 'திறந்துவிட்டால் போதும், பொருளாதாரம் ஓடும்' என்று நோய் ஏறிக்கொண்டிருக்கும்போது சொல்பவர்கள் வர்த்தகருக்கே நல்லது செய்யவில்லை. நோய் இறங்கியதாக மக்கள் நம்ப வேண்டும். நம்புவதற்கு எண்களைச் சொல்பவர்மேல் நம்பிக்கை வேண்டும்.

இங்கேதான் விதிகளின் நேர்மை வருகிறது. 2021 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன், நாளொன்றுக்கு இருநூறு அளவில்தான் தொற்று. கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தன, யாரும் தடுக்கவில்லை. மே நடுப்பகுதியில் நாளாந்தத் தொற்று இரண்டாயிரத்தைத் தாண்டியது. மே 13 இரவு முதல் சில நாட்களுக்கு நாடு தழுவிய பயணத்தடை வந்தது. நோன்புப் பெருநாள் மறுநாள். அதற்கு முந்தைய ஆண்டுப் பெருநாளும் ஊரடங்குக்குள்தான் போனது. ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊரில் ஒரு துணிக்கடைக்காரரின் ஆண்டு முழுவதும் நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெருநாளுக்கென்று கடனுக்கு எடுத்த சரக்கு பெருநாள் கழிந்தால் அடுத்த பெருநாள் வரை தட்டில் கிடக்கும். அதற்குள் மோஸ்தர் மாறிவிடும். நோயியலைப் பார்த்தால் மே மாதத் தடை சரியானதே, ஏப்ரலில் விட்டதுதான் பிழை. இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் புத்தாண்டுக்கு அவர்களுக்குத் திறந்த வீதி பெருநாளுக்கு நமக்கு மூடுகிறது என்று பார்ப்பவர் நினைத்தால், அது இல்லையென்று விளக்க வேண்டிய பொறுப்பு தடை போட்டவருடையது. அப்படி யாரும் மினக்கெடவில்லை.

ஆடைத் தொழிற்சாலைகளின் கதையும் இதே வகைதான். மே, ஜூன் பயணத்தடையில் அவற்றுக்கு விலக்கு இருந்தது. ஏறாவூரில் புன்னைக்குடாவுக்குப் போகும் பாதையில் ஆயிரக்கணக்கான கைகளை எதிர்பார்க்கும் தையல் தொழில் இருக்கிறது. அதே ஊரில் வீட்டு விறாந்தையில் ஒரு தையல் மெசினை வைத்துப் பிழைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். விதி முன்னதற்கு வழிவிட்டது, பின்னதன் வாடிக்கையாளரை வீட்டுக்குள் வைத்தது. டொலர் வருகிற தொழிலை நிறுத்தினால் மருந்து வாங்கவும் காசிருக்காது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்ததை நினைத்தால் அந்த நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய கொத்தணிகளில் ஒன்று தொடங்கியது ஆடைத் தொழிற்சாலைக்குள்தான் என்பதும் உண்மை. தொழிற்சாலை திறக்கட்டும். திறக்கிறபோது என்ன நிபந்தனையில், யார் பரிசோதிக்கிறார்கள், அதே நிபந்தனையை ஏற்றால் சின்னக் கடையும் திறக்கலாமா என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். நோய்க்குப் பயந்த விதியா, காசுக்கு வளைந்த விதியா என்ற சந்தேகம் வந்த பிறகு முகக்கவசம்கூடப் பொலிஸைக் கண்டால் மட்டும் மேலே ஏறுகிற துணியாகிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வெட்டியது கட்டாயத் தகனம். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட்டால் இறந்த எவரையும் எரிக்கவே வேண்டும் என்றது. அடக்கமும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்று இங்கே ஒரு நிபுணர் குழு சொன்னது. அதற்கு உருப்படியான சான்று வரவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் எரிக்கப்பட்ட பிறகு, பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25 அன்றுதான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஏறாவூருக்கு வடக்கே ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஓராண்டில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட உடல்கள். நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் இங்கேதான் வர வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இதெல்லாம் மத உரிமைக் கதை, கடை திறப்பதோடு இதற்கென்ன என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. கடைத்தெரு பாதுகாப்பாகத் திறக்க வேண்டுமானால் நோயாளியை முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இருமல் வந்தவர் தானாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போக வேண்டும். வைத்தியசாலைக்குப் போனால் மையத்து மையவாடிக்கு வராது என்று அஞ்சுகிற குடும்பம் எப்படிப் போகும்? பயத்தில் சனங்கள் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள் என்று அப்போதே பலர் எச்சரித்தார்கள். நோயை எரிப்பதாக நினைத்துப் போட்ட விதி, நோய் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது.

நம்பிக்கைதான் முதலில் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. நம்பிக்கை, மரியாதை எல்லாம் பேச நன்றாயிருக்கும். சொன்னால் கேட்காத கூட்டத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் சாகக் கொடுத்த நாட்டில் கண்டிப்பு இல்லாமல் முடியுமா என்பது அது. முடியாதுதான். புத்தாண்டுக் கூட்டமே அதற்குச் சாட்சி. தொற்று ஏறும்போது மூடத்தான் வேண்டும், மூடச் சொன்னதை மீறினால் தண்டிக்கவும் வேண்டும். ஆனால் தண்டனை எழுத்தில் இருந்தது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் 2020 அக்டோபரில் ஒழுங்குவிதிகள் வந்தன. முகக்கவசமும் இடைவெளியும் கட்டாயம், மீறினால் 10,000 ரூபா வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம், குற்றம் இல்லையென்றால் நீதவான் விடுவிப்பார். தெருவில் முழங்காலில் நிறுத்துவது எந்த விதியிலும் இல்லை. இராணுவமே விசாரணை வைத்தது அதனால்தான். முப்பது ஆண்டுப் போரைப் பார்த்த கிழக்கில் சீருடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கச் சொல்வது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், அது கொவிட்டைப் பற்றிய அறிவுரையாக யார் காதிலும் விழாது. அடுத்த வாரம் அதே தெருவுக்குத் தடுப்பூசி பற்றிச் சொல்லவரும் தாதிக்கு அந்தப் படம் எவ்வளவு தடங்கல் என்று அதை நடத்தியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. சுவீடனில் வீட்டிலிருந்தால் சம்பளம் வரும். அன்றாடங்காய்ச்சி ஊரில் பயம் இருந்தாலும் வெளியே போகத்தானே வேண்டும், அந்த ஒப்பீடு எப்படிப் பொருந்தும்? சரியான கேள்வி. ஆனால் இது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வெளியே போகாமலிருக்க வசதியில்லாதவருக்கு மூடல் உத்தரவு மட்டும் கொடுத்தால் அவர் மீறுவார். காசும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் மீறமாட்டார். 2020இலும் 2021 ஜூனிலும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் அலைய வேண்டியிருந்தாலும், அது வந்தது. வங்கிக் கடன்களுக்கு மத்திய வங்கி தவணைச் சலுகை அறிவித்தது. கடை வாடகைக்கும் கைமாற்றுக்கும் அடகுக்கும் அந்தச் சலுகை கிடையாது, சின்ன வியாபாரி நிற்பது அவற்றின் மேல்தான். 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மறுபடியும் மூடியபோது கொடுத்தது 2,000 ரூபா. நாற்பது நாட்களுக்கு மேற்பட்ட காலம். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாவும் தேறவில்லை. அந்தக் காசோடு இருந்த ஒருவர் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தால் விதி மீறியவர் என்று பதியலாம். அவர் வேறென்ன செய்திருக்கலாம் என்பதை உத்தரவு எழுதியவர்கள் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.