பூகம்பத்தைத் தாங்கும் சுவர்

2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை, குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத் நகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல சரிந்து விழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தரைத்தளம், வாகனங்களை நிறுத்துவதற்காகச் சுவர்களின்றித் தூண்கள் மட்டுமே நிற்குமாறு கட்டப்பட்டிருந்தது.

சாதாரண நாட்களில் கட்டடத்தின் பாரம் கீழ்நோக்கியே இறங்கும். அதனைத் தூண்களும் உத்திரங்களும் எளிதில் தாங்கிவிடும். ஆனால் நிலம் அதிரும்போது, கட்டடம் பக்கவாட்டில் ஆட்டப்படுகிறது. அவ்வேளையில் தூண்கள், ஆடும் மேசையின் கால்களைப் போல வளைகின்றன. தூணும் உத்திரமும் சேருமிடங்கள் நொறுங்குகின்றன. இதனைத் தடுப்பதற்காகவே 'ஷியர் வால்' எனும் கான்கிரீட் சுவர் எழுப்பப்படுகிறது. இது செங்கற்சுவர் அன்று. உள்ளே இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டு, அடித்தளத்துடன் பிணைக்கப்பட்ட சுவராகும். பக்கவாட்டு விசையைத் தன் நீளத்தின் வலிமையால் ஏற்று, அடித்தளத்திற்குக் கடத்திவிடுகிறது.

இச்சுவரை அமைப்பதில் சில விதிகள் உண்டு. அடித்தளம் முதல் மேல்மாடி வரை இடையறாது எழ வேண்டும். கடை வைப்பதற்காகவோ கார் நிறுத்துவதற்காகவோ தரைத்தளத்தில் அதனை நிறுத்திவிட்டால், பயன் கெட்டுவிடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சமச்சீராக அமைய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அடுக்குமாடிகளில் இத்தகைய சுவர்களை நிறையக் கட்டுவது நெடுநாளைய வழக்கம். 2010 பிப்ரவரி 27-இல் 8.8 அளவிலான பூகம்பம் தாக்கியபோது, அந்நாட்டின் உயர்ந்த கட்டடங்களுள் மிகச் சிலவே வீழ்ந்தன. எனினும், கான்செப்சியோன் நகரில் 15 மாடிக் கட்டடம் ஒன்று கவிழ்ந்தது. வேறு சிலவற்றில், மெலிந்த சுவர்களின் விளிம்புகளில் கம்பிக்கட்டு போதாமையால் கான்கிரீட் நொறுங்கியிருந்தது. சுவர் இருந்தால் மட்டும் போதாது, அதன் கனமும் கம்பிக்கட்டும் முறைப்படி அமைய வேண்டும் என்பதை இது உணர்த்திற்று.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது.

வளைகுடா நாடுகளில் வருந்தியுழைத்த பணத்தில் குடியிருப்பு வாங்கும் சகோதரர்கள், தரையின் பளிங்கைப் பார்ப்பதற்கு முன் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: ஷியர் வால் எங்கெங்கே இருக்கிறது? அது அடித்தளம் வரை இறங்குகிறதா? வரைபடத்தில் உள்ள கம்பி, கட்டும்போதும் இருந்ததா? பழைய கட்டடமாயின், தகுந்த ஆய்வுக்குப் பின் இத்தகைய சுவரைப் புதிதாகச் சேர்த்தும் வலுப்படுத்தலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிறர் வாழக் கட்டடம் கட்டுவோருக்கு, அவர்தம் உயிர்கள் அமானிதம் ஆகும். கம்பியில் மிச்சம் பிடிப்பது அந்த அமானிதத்தில் கைவைப்பதே. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் வாழ்வோரையும் காத்தருள்வானாக!