நடைப்பிணக் கதையும் பலியாக மறுத்த சிறுமியும்

மலினமான வாசிப்புக்குரியவை என ஒதுக்கப்படும் நாவல்களுள் நடைப்பிணக் கதைகளுக்கு முதலிடம் உண்டு. இறந்தோர் எழுந்து உயிருள்ளோரைத் தின்பதும், எஞ்சிய சிலர் துப்பாக்கியேந்தித் தப்பியோடுவதுமே இவற்றின் வழமையான கதைப்போக்கு. ஆயினும், வெகுசன இலக்கிய வடிவமொன்று எத்தகைய சமூக அச்சத்திலிருந்து பிறந்தது, அவ்வச்சம் பின்னர் யாரை நோக்கித் திருப்பப்பட்டது எனும் வினாக்களை எழுப்புவோர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது. பிரித்தானிய எழுத்தாளர் எம். ஆர். கேரி 2014இல் வெளியிட்ட ‘த கேர்ள் வித் ஓல் த கிஃப்ற்ஸ்’ எனும் நாவலை இந்நோக்கில் அணுக முனைகின்றோம்.

சொம்பி எனும் உரு ஹெயிற்றிக்குரியது. சென் டொமிங் என வழங்கிய அப்பிரெஞ்சுக் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்து மாண்டனர். மரணமொன்றே விடுதலையென்றிருந்த வாழ்வில், இறந்த பின்னரும் மந்திரவாதியொருவனின் ஆணைக்கமைய உழைக்க நேரிடலாம் என்பதே சொம்பி பற்றிய அச்சத்தின் சாரம். மூலத்தில் சொம்பி எவரையும் தின்னவில்லை, பிறர்க்காக உழைத்தது. 1791இல் மூண்ட அடிமைகளின் எழுச்சி 1804இல் சுதந்திர ஹெயிற்றியைத் தோற்றுவித்தது. ஐக்கிய அமெரிக்கா அந்நாட்டை 1915 முதல் 1934 வரை படைகொண்டு அடக்கி வைத்திருந்த காலத்திலேயே, வில்லியம் சீபுறூக்கின் பயணநூல் வாயிலாகவும் (1929), ‘வைற் சொம்பி’ எனும் திரைப்படம் வாயிலாகவும் (1932) இவ்வுரு அமெரிக்கரிடையே பரவியது. அப்படத்தில் சொம்பிகள் சீனி ஆலையில் உழைக்கின்றன. படத்தின் கவலையோ வெள்ளையினப் பெண்ணொருத்திக்கும் அந்நிலை நேர்ந்துவிட்டதே என்பதாகும். ஜோர்ஜ் றொமேறோவின் 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தோடு உழைக்கும் பிணம் தின்னும் பிணமாயிற்று. (அப்படத்தில் சொம்பி என்ற சொல்லே இடம்பெறவில்லை.) றொமேறோவிடம் சமூக விமர்சனம் இருந்தது, அவரைப் பின்பற்றிய பலரிடம் பெருந்திரளின் மீதான அச்சம் மட்டுமே எஞ்சியது. அடிமையின் அச்சம் இவ்வாறு அடிமையைப் பற்றிய அச்சமாகத் தலைகீழாயிற்று.

கேரியின் நாவலில் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம். எறும்புகளைப் பீடித்து, அவற்றைச் செடிகளில் ஏறச் செய்து, தலையைப் பிளந்து முளைக்கும் ‘ஒஃபியோகோடிசெப்ஸ்’ இயற்கையில் உள்ளதே. அது மனிதரைத் தொற்றிய பின்னர் சிதைந்துபோன இங்கிலாந்தே கதைக்களம். இராணுவத் தளமொன்றில் சிறுவர் சிலர் சிறைவைக்கப்பட்டுள்ளனர். இவர்கள் பூஞ்சணத்தைச் சுமப்பவர்கள், மனித வாடை பட்டால் கடிக்கப் பாய்பவர்கள், ஆயினும் சிந்திப்பவர்கள். பத்து வயதான மெலனி இவர்களுள் ஒருத்தி. கை, கால், கழுத்து யாவும் நாற்காலியிற் பிணிக்கப்பட்ட நிலையிலேயே வகுப்பறைக்கு உருட்டிச் செல்லப்படுகின்றாள். அங்கே ஆசிரியை ஹெலன் ஜஸ்ரினோ கிரேக்கக் கதைகளைக் கூறுகின்றாள். தளத்தின் ஆய்வுகூடத்திலோ மருத்துவ விஞ்ஞானி கரோலைன் கோல்ட்வெல் இதே பிள்ளைகளின் மூளையை அறுத்தெடுத்து மருந்து தேடுகின்றாள்.

மெலனியை வலிமைமிக்க கதாநாயகி எனக் கூறுவோர் பெரும்பாலும் அவளது வேகத்தையும் கடிக்கும் ஆற்றலையுமே கருதுகின்றனர். எம் கருத்தில் அவளது வலிமை வேறிடத்தில் உள்ளது. தளம் வீழ்ந்த பின்னர் தெற்கு நோக்கிச் செல்லும் சிறு குழுவில் அவளும் சேர்க்கப்படுகின்றாள். தன் பசி எத்தகையதென்பதை அறிந்து, வாய்ப்பூட்டையும் கைவிலங்கையும் ஏற்று, தான் நேசிக்கும் ஆசிரியையிடமிருந்து விலகியிருக்கக் கற்றுக்கொள்கின்றாள். தன்னைத் தானே அவதானித்து முடிவுக்கு வருவதில் அவள் கோல்ட்வெல்லைவிடச் சிறந்த விஞ்ஞானி எனலாம். பாடங்கள் ஆய்வின் ஒரு பகுதியாகவே அனுமதிக்கப்பட்டன. பிணித்து வைத்தோர் எதிர்பாராத பயனை அவை விளைத்தன.

இந்நாவலுக்கு வித்தான சிறுகதை 2012இல் வெளிவந்தது. அதன் தலைப்பு ‘ஒலிசில் இஃபிஜெனியா’. தந்தையின் போருக்காகப் பலிகொடுக்கப்பட்ட மகளின் பெயர் அது. நாவலின் மையப் பிரச்சினையும் இதுவே: ஒரு சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ள எவருடைய பிள்ளைகளை அறுக்கலாம்? கோல்ட்வெல்லைக் கொடியவளாகத் தீட்டாமை கேரியின் முதிர்ச்சிக்குச் சான்று. அவளது தர்க்கத்தில் பிழையில்லை, அப்பிள்ளைகள் மனிதர் அல்லர் என்ற எடுகோளை ஏற்றுக்கொண்டால். தோட்ட முதலாளிகளின் கணக்கேடும் அவ்வெடுகோளின் மீதே எழுதப்பட்டது. இறுதியில் மெலனி பலியாக மறுக்கின்றாள். லண்டனில் மதிலென வளர்ந்திருக்கும் பூஞ்சணத்தைத் தீயிடச் செய்து வித்திகளை உலகெங்கும் பரவவிடுகின்றாள். பழைய மனித குலம் முடிகிறது. நோயோடு பிறந்த புதிய தலைமுறை எஞ்சுகிறது. றிச்சர்ட் மதிசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜென்ட்’ நாவலின் முடிவும் இதற்கு அண்மையது. ஆனால் அங்கே பழைய மனிதனின் கண்களால் பார்க்கின்றோம். இங்கே பெரும்பாலும் புதியவளின் கண்களால்.

இம்முடிவை நாம் முழுமனத்துடன் ஏற்கவில்லை. ஒடுக்குமுறைக்கு விடிவு சமூக உறவுகளின் மாற்றத்தாலன்றி உயிரியல் விபத்தொன்றால் வாய்க்கின்றது. கோடிக்கணக்கானோரின் விதியை ஒரு சிறுமி தனித்தே தீர்மானிக்கின்றாள். தளங்களுக்கு வெளியே பிழைத்து வாழும் ‘ஜங்கர்’ எனப்படுவோர் வெறும் காட்டுமிராண்டிகளாகவே வந்து போகின்றனர். அவர்கள் ஏன் வெளியே நின்றார்கள் எனக் கேட்க நாவலாசிரியருக்கு நேரமில்லை. சொம்பிக்குச் சிந்தனையை மீட்டளித்த நாவல், இவர்களுக்கு அதனை மறுத்துவிடுகின்றது.

2016இல் கொல்ம் மக்கார்த்தி இதனைத் திரைப்படமாக்கியபோது, நாவலில் வெண்ணிறத்தவளான மெலனியாகக் கறுப்பினச் சிறுமி செனியா நனுவாவும், நாவலிற் கறுப்பினத்தவளான ஆசிரியையாக வெள்ளையின நடிகை ஜெம்மா ஆற்றர்ற்றனும் நடித்தனர். நாற்காலியிற் பிணிக்கப்பட்ட கறுப்புச் சிறுமியைப் படையினர் துப்பாக்கி நீட்டியவாறு உருட்டிச் செல்லும் தொடக்கக் காட்சியில், நாவல் சொல்லாமல் விட்ட ஹெயிற்றியின் நினைவு திரையில் மீண்டுவிடுகின்றது.