சுவாமியார் தோட்டம்

பிரெஞ்சு நாட்டுத் தோட்டம் என்றதும் வெர்சாய் அரண்மனையின் பரந்த வெளிகளும் நீரூற்றுக்களுமே பலர்க்கும் நினைவில் எழும். அவை மன்னர்க்குரியன. அந்நாட்டுச் சிற்றூர்களிலே வேறொரு தோட்டம் உண்டு. கோயிற் சுவாமியார் தம் இல்லத்து மதிலுக்குள் அமைத்த சிறு முற்றத் தோட்டமே அது. 'சுவாமியார் தோட்டம்' என்றே மக்கள் அதனை வழங்குவர். வீட்டு முற்றத்தை நாட்டுப்புறப் பாங்கில் அழகுசெய்ய விழைவோர் இன்றும் அதனையே முன்மாதிரியாகக் கொள்கின்றனர்.

முதற்கண் வேண்டுவது மதில். காற்றைத் தடுப்பதோடு அதன் பணி முடிவதில்லை. தெற்கு நோக்கிய மதில் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவிலே அவ்வெப்பத்தை மெல்ல உமிழும். ஆதலின் அதனைச் சார்ந்து பேரி மரத்தை நட்டு, கிளைகளை இருபுறமும் பிணித்துத் தட்டையாகப் படரவிடுவர். இளவேனிற் காலத்து உறைபனி அரும்பைக் கருக்காது காக்கும் உபாயம் இது. 14ஆம் லூயி மன்னனின் காய்கறித் தோட்டத்தை 1678 முதல் 1683 வரை அமைத்த லா கேன்தினி இக்கலையில் வல்லவர். முன்னர் நியாயதுரந்தரராய் இருந்தவர் என்பது வியப்பே!

நடுவே இரு பாதைகள் குறுக்கிட, நிலம் நான்கு பாத்திகளாகும். பாதைக்குச் சரளைக்கல், சந்தியிலே கிணறோ நீர்த்தொட்டியோ அமையும். பாத்திகளிலே கோவாவும் லீக்சும் ரோசாவும் அருகருகே நிற்கும். மருந்துக்கு மூலிகை, பீடத்துக்கு மலர், அடுப்புக்குக் கறி. பூவை வேறாகவும் காயை வேறாகவும் பிரிக்காத இவ்வியல்பே எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

பாத்தியின் ஓரத்தே 'புயி' என்னும் செடியைத் தாழ்ந்த வேலியாக வளர்ப்பர். ஆண்டு முழுதும் பசுமை மாறாதது. கத்தரித்த வடிவிலே நிற்பது. பனையும் தென்னையும் வளராத வட பிரான்சிலே, குருத்தோலை ஞாயிறன்று இதன் கொப்பையே மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுசெல்வர். அழகுக்கு நட்டதோ, வழிபாட்டுக்கு நட்டதோ எனப் பிரித்துரைத்தல் அரிது.

இச்செடிக்கே இன்று கேடு வந்துள்ளது. கிழக்காசியாவைச் சேர்ந்த அந்துப்பூச்சியொன்று 2007இல் ஜெர்மனியிலும் 2008இல் பிரான்சிலும் காணப்பட்டது. அதன் பச்சைப் புழு இலையைத் தின்று, இலை தீர்ந்தபின் பட்டையையும் கறித்து, பல்லாண்டு வளர்ந்த வேலியை ஒரு கோடைக்குள் வெறுஞ் சுள்ளியாக்கிவிடும். புழுவைக் கொல்லும் பற்றீரியாக் கரைசல் உண்டு. ஆயினும் ஓராண்டிலே பூச்சி பல தலைமுறை பெருகுவதால் மீண்டும் மீண்டும் தெளித்தல் வேண்டும். சலித்தவர்கள் வேலியைக் களைந்துவிட்டு லவெண்டர் நடுகின்றனர். மணம் உண்டு, ஆனால் சில ஆண்டுகளில் தண்டு முற்றி நடுவே வெறுமையாகிவிடும்.

புதிதாய் முற்றம் அமைப்போர் பாத்தி ஓரத்துக்குச் செங்கல் பதித்து, இடையிடையே தைம் நடலாம். குருத்தோலை ஞாயிற்றுக்கென ஒரு புயிச் செடியை மட்டும் சாடியிலே வைத்து, நாடோறும் புழுப் பார்த்து வளர்த்தல் கூடும்.