கடன் வாங்கினால் தப்பில்லை. மறைத்தால் வேலை காலி!
அமெரிக்க ரகசிய இலாகாவில் கெடுபிடி

மாதக் கடைசியில் கைமாத்து வாங்காத குமாஸ்தா உண்டா? மளிகைக் கடையில் பாக்கி வைக்காத வீடு உண்டா?

ஆனால் அமெரிக்க அரசின் ரகசிய பைல்களைத் தொடுகிற வேலைக்குப் போனால், பாக்கிக்குக் கணக்குக் கேட்பார்கள்!

ராணுவமோ, உளவுத்துறையோ, ஆயுதக் கம்பெனியோ, ரகசியக் காகிதத்தைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். அதற்கு 'எஸ்.எப்.86' என்று ஒரு விண்ணப்பம். நூறு பக்கத்துக்கும் மேல்!

7 ஆண்டுக்குள் 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன் உண்டா? வரி பாக்கி உண்டா? மஞ்சள் கடுதாசி கொடுத்தது உண்டா? சூதாட்டத்தில் பணம் விட்டுத் திண்டாடியது உண்டா? எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

கடன் கழுத்தை நெரிக்கும்போது எதிரி நாட்டான் பணத்தைக் காட்டினால், ஆசாமி கை நீட்டிவிடுவானோ என்ற பயம்தான் காரணம்.

ஜாகுவார் கார் உளவாளி

பயம் சும்மா வந்ததல்ல. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்டிரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவில் கடன்பட்டுத் தவித்தவர். 1985 ஏப்ரலில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்கு நேராகப் போய் ரகசியத்தை விற்றார். முதல் வரும்படி 50 ஆயிரம் டாலர்!

அப்புறம் 5 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ரொக்கமாக வீடு. ஜாகுவார் கார் வேறு. ஏது பணம் என்றால், மனைவி வீட்டுச் சொத்து என்று கதை விட்டார்.

அவர் காட்டிக்கொடுத்ததில் குறைந்தது 10 பேர் உயிர் போனது. 1994 பிப்ரவரி 21-ந்தேதி பிடிபட்டார். ஆயுள் தண்டனை கிடைத்தது.

தப்ப வழி உண்டு

2017 ஜூனில் அமலான விதிகளில் 13 பிரிவுகள். 'எப்' பிரிவு பண விவகாரம். 'இ' பிரிவு நாணயம், நடத்தை.

கடன் இருக்கிறது என்று மட்டும் கதவைச் சாத்துவதில்லை. வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு, விவாகரத்து என்று கைமீறிய காரணம் இருக்கலாம். தவணை போட்டு ஒழுங்காகக் கட்டி வந்தால் அதையும் பார்ப்பார்கள்.

பொய் சொன்னால்தான் வினை. 'பாக்கி இல்லை' என்று ஒருவர் எழுதுகிறார். அதிகாரி அவருடைய கடன் ரிப்போர்ட்டை வரவழைக்கிறார். குட்டு உடைகிறது! கடன் ஒரு குற்றச்சாட்டு, பொய் இன்னொன்று. தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை ஜெயில்.

மறந்து விட்டுப் போயிருந்தால்? அதிகாரி ஆதாரத்தை எடுத்து நீட்டும் முன்பே தானாகப் போய்ச் சொல்லித் திருத்த வேண்டும். மாட்டிய பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

கம்பெனி ஊழியருக்குக் காரணம் காட்டி நோட்டீஸ் வரும். பதில் எழுதலாம், நீதிபதி முன் வாதாடலாம். ஆனால் சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் நாட்டுக்குத்தான், ஊழியருக்கு இல்லை.

அனுமதி ரத்தானால் அந்த வேலையில் உட்கார முடியாது. சம்பளம் நின்றுபோகும். மறைத்து வைத்த கடன் மட்டும் அப்படியே நிற்கும்!