பச்சைப் புள்ளிக்குள் இருக்கும் பால்

பாலும் நெய்யும் இனி வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவருக்கு நம் வீட்டுச் சமையலில் பெரிய தடங்கல் வராது. இட்லி, சாம்பார், ரசம், பொரியல், சுண்டல் எல்லாம் நெய்யைத் தவிர்த்தாலே முழுக்கத் தாவர உணவுதான். தடுமாற்றம் மாலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட், பயணத்தில் கொறிக்க சிப்ஸ், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் என்று கடைக்குப் போனால் கண் முதலில் தேடுவது பாக்கெட்டின் மூலையில் உள்ள பச்சைப் புள்ளியை. அது இருந்தால் போதும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். போதாது.

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் அந்தப் பொருள் சைவம்; அவ்வளவுதான். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகள் எது அசைவம் என்று வரையறுக்கும்போது பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ஆகவே பால் பவுடர் சேர்த்த பிஸ்கட்டுக்கும், தேன் ஊற்றிய கார்ன்ஃபிளேக்ஸுக்கும், அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினால் மினுக்கிய மிட்டாய்க்கும் பச்சைப் புள்ளி சட்டப்படி கிடைக்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாலைச் சைவத்தில் சேர்த்தே சாப்பிட்ட நாட்டில் சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டது. விலங்கிலிருந்து எதுவும் சேராத வீகன் உணவைத் தேடுகிறவருக்கு அந்தப் புள்ளி பதில் சொல்லாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்களுக்கான முத்திரை தனியாக இருக்கிறது. பச்சைக் கட்டத்துக்குள் இலை முளைத்த ‘வி’ எழுத்து. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் இதை அறிமுகப்படுத்தி, 2022-இல் வீகன் உணவுகளுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி மூலப்பொருள் மட்டும் தாவரத்திலிருந்து வந்தால் போதாது. சுவையூட்டி, நொதி, தயாரிப்பின் நடுவில் பயன்படுத்தும் துணைப்பொருள் எதுவும் விலங்கிலிருந்து வந்திருக்கக் கூடாது. ஒரே இயந்திரத்தில் பால் பிஸ்கட்டும் வீகன் பிஸ்கட்டும் போடும் ஆலை, மாற்றிப் போடும் முன் அதை முறையாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஆணையத்தின் அனுமதி பெற்றபின்பே முத்திரையை அச்சிடலாம். ‘தாவர அடிப்படையிலானது’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த முத்திரை இல்லாமல் ஒரு பாக்கெட் வந்தால், அந்த வாசகத்தை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

பின்பக்கம் படிப்பது நம் ஊரில் எளிதில்லை. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது ஒழுங்குமுறை. தமிழில் போடலாம், ஆனால் கட்டாயமில்லை. பேரனுக்குப் பால் ஒவ்வாது என்று தெரிந்த ஒரு பாட்டி, தன் தெருமுனைக் கடையில் வாங்கும் பாக்கெட்டில் பால் இருக்கிறதா என்று தமிழில் படிக்க முடியாமல் இருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. ஒவ்வாமை விவரமாவது விற்கும் மாநிலத்தின் மொழியில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். அதுவரை சில ஆங்கிலச் சொற்களைப் பழகிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், சோடியம் கேசினேட், லாக்டோஸ், பட்டர்மில்க் பவுடர்: எல்லாம் பால்தான். சேர்க்கைப் பொருட்களைக் குறிக்கும் எண்களில் ஐ.என்.எஸ். 901 தேன்மெழுகு, 904 அரக்கு. 471 போன்ற சில எண்கள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வெறும் எண்ணோடு நிறுத்தாமல் அந்தப் பொருள் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்தா, ஆய்வகத்தில் தயாரானதா என்பதையும் நிறுவனங்கள் வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் சில உண்டு. தேங்காய்ப் பால் பவுடர் அவற்றில் முக்கியமானது. தேங்காய் என்று பெயர் இருக்கிறதே என்று நினைப்போம். தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காகப் பல தயாரிப்புகளில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். காபியில் போடும் ‘நான் டெய்ரி’ கிரீமரிலும் கேக்கின் மேல் அடிக்கும் கிரீமிலும் இதே கதை நடப்பதுண்டு. ஃப்ரோஸன் டெசர்ட் என்று எழுதிய கோன் ஐஸ் இன்னொன்று. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டதால் அதை ஐஸ்கிரீம் என்று விற்க முடியாது. ஆனால் பால் பவுடர் பெரும்பாலும் உள்ளே இருக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸிலும் வெறும் உப்பு போட்டது பொதுவாகச் சிக்கலில்லை. கிரீம், சீஸ், வெங்காயம் என்று சுவை ஏற ஏற பால் பவுடரும் ஏறிக்கொள்ளும்.

இதையெல்லாம் நான் வலியுறுத்துவதற்குக் காரணம், வீகன் பண்டங்களைத் தேடி வருகிற எல்லோரும் கொள்கைக்காக வருவதில்லை. உடம்புக்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு வகையினரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிறு ஊதும், பேதியாகும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். பால் ஒவ்வாமை வேறு. பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக எண்ணித் தாக்குகிறது. மிகச் சிறிதளவே சிலருக்கு மூச்சுத் திணறலையும் உயிராபத்தையும் கொண்டுவரும். லாக்டோஸ் நீக்கிய பால் முதல் வகையினருக்கு உதவும். இரண்டாம் வகையினருக்கு அதுவும் பால்தான்.

வீகன் முத்திரையும் ஒவ்வாமைக்கான உத்தரவாதம் இல்லை. விலங்குப் பொருளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை என்பதுதான் அதன் வாக்குறுதி. காற்றில் பறந்த பால் பவுடரோ, வேறோர் ஆலையிலிருந்து வந்த மாவில் கலந்த துகளோ அதன் எல்லைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. 2017 டிசம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில், கடுமையான பால் ஒவ்வாமை உள்ள ஒரு பெண், கடையில் வாங்கிய காய்கறி ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டு இறந்தார். அதில் இருந்தது பால் இல்லாதது என்று விற்கப்பட்ட தேங்காய்த் தயிர். அந்தத் தயிரில் சேர்த்த ஒரு மாவுப்பொருளில் பால் புரதம் கலந்திருந்தது என்று 2022-இல் மரண விசாரணையில் தெரியவந்தது. கடைக்காரர், தயிர் நிறுவனம், மாவு நிறுவனம் என்று பல கை மாறி வந்த பொருளில் எங்கோ ஓரிடத்தில் நடந்த கலப்பு ஓர் உயிரைக் கொண்டுபோனது.

நம் லேபிள் விதிப்படி குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கலந்துவிட வாய்ப்பு உண்டென்றால் ‘மே கன்டெய்ன்’ என்று போடலாம். போடலாம் என்பதுதான் விதி. போடாத பாக்கெட்டில் கலப்பே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. எள் இந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை, ஆகவே எள் ஒவ்வாதவர் மூலப்பொருள் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். பாலை விட்டு வருகிறவர் புதிதாகச் சந்திக்கப்போவது முந்திரிச் சீஸ், பாதாம் பானம், சோயா இறைச்சி. பால் ஒவ்வாத குழந்தைக்கு முந்திரியும் ஒவ்வாமல் போகலாம். மருத்துவரிடம் கேட்காமல் புதியதைக் கொடுக்காதீர்கள். உதடு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, இருமல், மூச்சிரைப்பு, மயக்கம் தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இந்த நிலைக்குத் தேவை அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீகன் என்பதால் ஆரோக்கியம் என்று நினைக்க வேண்டாம். பொரித்த சிப்ஸ் வீகன் ஆனாலும் பொரித்த சிப்ஸ்தான். வீகன் சீஸ் பலவும் மாவுச்சத்தும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தவை. புரதம் குறைவு, நிறைகொழுப்பு அதிகம். ஒரு டம்ளர் பசும்பாலில் 6 கிராமுக்கு மேல் புரதம் என்றால் பாதாம் பானத்தில் 1 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். சோயா பானம் பாலுக்கு அருகில் வரும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் சொன்ன குழந்தைப் பால் மாவுக்கோ பதிலாக இவற்றைக் கொடுக்கவே கூடாது. முழுதாக வீகனுக்கு மாறுகிறவர்கள் வைட்டமின் பி12-க்கு மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தாக வேண்டும், தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைக்காது. புதிதாக முயன்று பார்க்க எதுவும் வாங்க வேண்டாம் என்று நினைப்பவருக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கிறது: வேர்க்கடலை, வெல்லம். 2020-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

இனி ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது. முதலில் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சத்தை மூடி வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, 14 இலக்க உரிம எண், மூலப்பொருள் பட்டியல் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். உடம்புக்கு வந்திருந்தால் மருத்துவமனைச் சீட்டில் என்ன சாப்பிட்ட பின் வந்தது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் இழப்பீடு கோரும்போது அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். பிறகு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ தளத்தின் வழியாகவோ புகார் கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க முடியும். அதன் 65-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டையும் சொல்கிறது. உயிரிழப்பென்றால் அது 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அதிகம் பேருக்குத் தெரியாத 40-ஆம் பிரிவும் உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். விதிமீறல் தெரிந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பணம் திரும்பவும் இழப்பீடும் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தொடங்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கினால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ஆர்டர் செய்த அன்றே அந்தப் பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ‘வீகன்’ என்ற சொல் காணாமல் போனாலும் உங்களிடம் சான்று இருக்கும்.