தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோள் குறிப்பும் துணைநூற்பட்டியலும்: சில நடைமுறைச் சிக்கல்கள்

ஆய்வேடொன்றைத் திருத்தக் கையில் எடுக்கும்போது நாம் முதலில் புரட்டிப் பார்ப்பது அதன் இறுதிப் பக்கங்களையே. துணைநூற்பட்டியல் ஒழுங்காக அமைந்திருப்பின் உள்ளே உள்ளதும் ஓரளவு ஒழுங்காக இருக்கும் என்பது பல்லாண்டுப் பழக்கம் தந்த நம்பிக்கை. அண்மைக் காலமாக இந்நம்பிக்கை ஆட்டங்கண்டுள்ளது. பட்டியல் பார்வைக்கு அப்பழுக்கின்றி இருக்கிறது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சாய்வெழுத்தும் உரிய இடத்தில் உள்ளன. ஆயினும் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு நூலகத்திற்குச் செல்லும் ஒருவரால் குறித்த நூலையோ குறித்த பாடலையோ கண்டடைய முடிவதில்லை. மாணவரின் கவனக்குறைவு இதற்குச் சிறிதளவே காரணமாகும். நாம் கடைப்பிடிக்கும் மேற்கோள் முறைகள் தமிழ்ப் பெயரையும் தமிழ் நூலையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல என்பதே பெருங்காரணம் எனலாம்.

நம் மாணவர்கள் பெரிதும் எதிர்கொள்ளும் முறைகள் மூன்று. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. முறை, 1929இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்த சில பக்க நெறிமுறைகளிலிருந்து வளர்ந்தது. அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வெளிவந்தது. மொழி, இலக்கியத் துறையினருக்காக நவீன மொழிச் சங்கம் 1951இல் வெளியிட்ட சிறு கையேடே எம்.எல்.ஏ. முறையின் தொடக்கம்; இதன் ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு 1906இல் முதன்முதலாக அச்சாகி, 2024இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டுள்ளது.

ஏ.பி.ஏ. ஆசிரியர் பெயரோடு ஆண்டை முன்னிறுத்துகிறது. உளவியலில் ஓர் ஆய்வு எவ்வளவு புதியது என்பதே முதற்கேள்வி. ஆகவே அத்துறைக்கு அது பொருத்தமானது. எம்.எல்.ஏ. ஆசிரியர் பெயரோடு பக்க எண்ணைத் தருகிறது. இலக்கியம் பயில்வோர்க்கு வேண்டுவது வரி இருக்கும் இடமன்றோ? சிகாகோ அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்–ஆண்டு முறை ஆகிய இரண்டிற்கும் இடமளிக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்றை வரையறுத்துவிட்டால் அதனை விட்டு விலகுதல் இயலாது. எனினும், எந்த முறையைத் தேர்ந்தாலும் தமிழ்ச் சான்றுகளைப் பொறுத்தவரை சில முடிவுகளை ஆய்வாளரே எடுக்க வேண்டியுள்ளது.

பெயர் எது, தந்தை பெயர் எது?

மூன்று முறைகளும் குடும்பப் பெயரை முன்னே வைத்துப் பட்டியலிடுகின்றன. தமிழரிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. மு. வரதராசன், க. கைலாசபதி என்று தலைப்பெழுத்தோடு எழுதும் மரபில் சிக்கல் குறைவு, 'வரதராசன், மு.' என மாற்றுவது எளிது. ஆனால், மலேசியாவில் அடையாள அட்டைப்படி பெயரெழுதும்போது தன் பெயர் முதலிலும், 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமாகிய ஏ/எல் இடையிலும், தந்தை பெயர் இறுதியிலும் வருகின்றன. பெண்களுக்கு ஏ/பி. ஆங்கில ஆய்விதழ்களில் அச்சுருக்கம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் எண்ட்நோட், மெண்டலி போன்ற மென்பொருள்கள், முத்துசாமியின் மகன் கண்ணன் எழுதிய கட்டுரையை 'முத்துசாமி, க.' என்று பதிவு செய்கின்றன. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியாக இருந்து மறைந்த தந்தை, மகனின் கட்டுரைக்கு ஆசிரியராகிவிடுகிறார்! வேடிக்கையாகத் தோன்றினும் இதன் விளைவு வேடிக்கையன்று. ஒருவரே எழுதிய கட்டுரைகள் சில இடங்களில் கண்ணன் எனவும் சில இடங்களில் முத்துசாமி எனவும் சிதறிக் கிடப்பின், தரவுத்தளங்கள் அவரை இருவராகக் கணக்கிடும். பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் மேற்கோள் எண்ணிக்கை கேட்கப்படும் இக்காலத்தில் அது அவரது வாழ்வையே தொடும் இழப்பாகும்.

இதற்குத் தீர்வு அண்டையிலேயே உள்ளது. மலாய் அறிஞர்களுக்கும் குடும்பப் பெயர் வழக்கமில்லை. மொழியியலறிஞர் அஸ்மா ஹாஜி ஓமாரின் பெயரை மலேசிய நூலகங்கள் தலைகீழாக்குவதில்லை. அஸ்மா என்பதன் கீழ் முழுப்பெயராகவே தருகின்றன. தமிழ்ப் பெயர்களையும் நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளவாறு, தன் பெயரை முதன்மையாகக் கொண்டு பதிவு செய்வதற்கு இது போதிய முன்மாதிரியாகும். மென்பொருளில் ஆசிரியர் பெயரை ஒரே புலமாக உள்ளிட்டால் அது பெயரைப் பிரிக்காது.

தனிநாயகம் அடிகளாரின் பெயர் படும் பாட்டையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய அவர், தமிழாய்வுக்குரிய நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து 1966இல் அப்பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளியிட்டார். ஆங்கிலத்தில் அவர் பெயர் 'தனி', 'நாயகம்' என இரு சொல்லாக அச்சாகியுள்ளது. அதனால் அவரே சில பட்டியல்களில் தகர வரிசையிலும், சிலவற்றில் 'நாயகம்' என நகர வரிசையிலும், வேறு சிலவற்றில் சேவியர் எனச் சகர வரிசையிலும் நிற்கிறார். நூற்பட்டியல் தொகுத்தவருக்கே நூற்பட்டியலில் நிலையான இடமில்லை.

வள்ளுவர் எந்த ஆண்டில் எழுதினார்?

ஆசிரியர்–ஆண்டு முறையைக் கண்மூடிப் பின்பற்றிய ஏடுகளில் '(திருவள்ளுவர், 2005)' என்பது போன்ற குறிப்புகளைக் காண்கிறோம். கையிலுள்ள மலிவுப் பதிப்பின் ஆண்டு அது. பழைய நூலுக்கு இயற்றப்பட்ட காலத்தையும் பதிப்பாண்டையும் சாய்கோடிட்டுத் தரலாம் என ஏ.பி.ஏ. கூறுகிறது. கிரேக்க நூல்களுக்கு அது பொருந்தலாம். தொல்காப்பியத்திற்கு அவ்வாறு எழுதப் புகுந்தால், அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் முரண்படும் கால ஆராய்ச்சியில் ஓர் அடைப்புக்குறிக்குள்ளேயே தீர்ப்பு வழங்க நேரும். பாடவேளை நிருவாகம் பற்றி ஆய்வேடு எழுதும் ஆசிரியப் பயிற்சி மாணவர் ஒரு குறளை எடுத்துக்காட்டுவதற்காக வள்ளுவர் காலத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை.

தொன்னூல்களுக்குத் தமிழில் வழங்கும் எண்முறையே போதுமானது. மூன்று முறைகளும் செவ்வியல் நூல்களுக்கு இத்தகைய எண்களை ஏற்கின்றன. (குறள் 411) என்றோ (புறம். 192) என்றோ எழுதினால், எப்பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தை அடையலாம். சிலப்பதிகாரத்திற்குக் காதை எண்ணும் அடியெண்ணும் வேண்டும், சிலப். 20 என்றால் வழக்குரை காதை. பயன்படுத்திய பதிப்பைப் பட்டியலில் பதிப்பாசிரியர் பெயரோடு ஒருமுறை தந்தால் போதும்.

ஆயினும் எண்களும் எல்லா இடத்திலும் நிலையானவை அல்ல. இதனை நம்முள் பலர் மறந்துவிடுகிறோம். இன்று வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைச் சார்ந்தவை. மணக்குடவர் முதலிய பிற உரையாசிரியர்களிடம் அதிகாரத்திற்குள் குறள்களின் வைப்புமுறை வேறுபடும். ஆகவே, மணக்குடவர் உரையிலிருந்து மேற்கோள் காட்டுவோர் எண் யாருடைய வரிசைப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அவ்விடத்திற்குப் பின் எல்லா எண்களும் நகர்ந்துவிடும். இளம்பூரணர் உரையில் ஓர் எண், சேனாவரையர் உரையில் வேறோர் எண். அதிகாரம், இயல், நூற்பா எண் ஆகியவற்றோடு உரையாசிரியர் பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கத்தை மாணவரிடம் வலியுறுத்துகிறோம். கம்பராமாயணத்திற்கோ பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண்ணிக்கையே மாறுவதால், பதிப்பைச் சுட்டாத எண்ணால் பயனில்லை.

ஆண்டு, பதிப்பு, இடம்

உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு முதன்முதலில் வெளிவந்தது 1894இல். பிற்கால மறுபதிப்பொன்றின் ஆண்டை மட்டும் குறித்தால், 1942இல் மறைந்தவர் அதன் பின்னும் பதிப்பித்துக்கொண்டிருந்ததாகத் தோன்றும். முதற்பதிப்பின் ஆண்டையும் கையாண்ட பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே தருதல் வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் 'பதிப்பு' என்னும் சொல்லைத் தாராளமாகவே வழங்குகின்றன. திருத்தம் ஏதுமின்றி மீள அச்சிட்டதையும் இரண்டாம் பதிப்பு என்பர். முன்னுரையைப் படித்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சிட்ட நூல்களில் 31ஐக் கழிக்க வேண்டும். பழைய நூல்களில் அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பதுண்டு. 'ஜய' என்பது 1894ஆம் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1954இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். இவ்வாறு கணித்தெடுத்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் இடுதல் நேர்மையான முறை.

மாநாட்டுக் கட்டுரைகளிலும் ஆண்டு குழம்புகிறது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் 1966இல் கூடியது. அதன் கட்டுரைத் தொகுதி அச்சாகத் தொடங்கியது 1968இல். கருத்து எப்போது முன்வைக்கப்பட்டது என்பது வாதத்திற்கு முக்கியமாயின் இரண்டையும் குறித்தல் நன்று.

வெளியீட்டு இடத்தைப் பற்றி நமக்கொரு மனக்குறை உண்டு. எம்.எல்.ஏ. 2016லும் ஏ.பி.ஏ. 2019லும் இடப்பெயரைக் கைவிட்டன; 2024இல் சிகாகோவும் அண்மைக்கால நூல்களுக்கு அது வேண்டியதில்லை என்றது. பெரும் பன்னாட்டுப் பதிப்பகங்களின் நூல்களுக்கு அது சரியே. ஆனால், 1950களில் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஆசிரியரே அச்சிட்ட கவிதை நூலுக்கு இடப்பெயரும் ஓர் ஆய்வுச் சான்று. அதனை நீக்கிவிட்டால், சென்னையில் அச்சான நூலுக்கும் ஈப்போவில் அச்சான நூலுக்கும் வேற்றுமை தெரியாது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பற்றிய ஏடுகளில் கையேடு கேளாவிடினும் இடத்தைக் குறிக்குமாறே அறிவுறுத்தி வருகிறோம்.

அகர வரிசை குறித்து ஒரு சொல். ஒருங்குறிக் குறியெண்களின் வரிசையில் ளகரம் ழகரத்திற்கு முன் உள்ளது. ஜகரம் சகரத்தை அடுத்துள்ளது. குறியெண் அடிப்படையில் மட்டும் வரிசைப்படுத்தும் மென்பொருளில் வளவன் முன்னும் வழுதி பின்னும் வருவர். தமிழ் நெடுங்கணக்குப்படி இது பிழை. கையால் சரிபார்த்தல் வேண்டும்.

'மேலது' என்னும் பொறி

அடிக்குறிப்பு முறையில் 'மேலது, ப. 45' என்றெழுதும் வழக்கம் தட்டச்சுக் காலத்தில் உழைப்பை மிச்சப்படுத்தியது. கணினியில் பத்திகளை இடம் மாற்றும்போது 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. ஓர் ஆய்வேட்டில் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பிலிருந்து எடுத்த வரிக்கு 'மேலது' வழியே இலக்கண நூலொன்று சான்றாகியிருந்ததைக் கண்டோம். ஆசிரியர் பெயர், சுருங்கிய தலைப்பு, பக்கம் என எழுதுவதையே சிகாகோ கையேடும் இப்போது விரும்புகிறது.

சான்றின் பெயரைச் சொல்லாமை எத்தகைய இடரை விளைக்கும் என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சாட்சி. சீவகசிந்தாமணிக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர், பல இடங்களில் பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் நூற்பெயர் சுட்டாது அடிகளை எடுத்துக்காட்டினார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்த சாமிநாதையர், அவ்வடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்றறிய ஏடு ஏடாகத் தேட நேர்ந்தது. பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் அறிந்த பின்னரே பல மேற்கோள்களின் பிறப்பிடம் அவருக்குத் தெரிந்தது. மறுபுறம், புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடல்களின் மூலநூற்பெயரைக் குறித்து வைத்தார். முழுமையாகக் கிடைக்காத முத்தொள்ளாயிரத்தின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை நாம் அந்நூலுக்குரியவை என அறிவது அக்குறிப்புகளால்தான்.

நாளிதழ்களைச் சான்று காட்டுவோர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். 'தமிழ் நேசன், 1957' என்று மட்டும் எழுதிய குறிப்பு, ஓராண்டின் நாளிதழ்கள் அனைத்தையும் தேடச் சொல்கிறது. 1924இல் தொடங்கிய அவ்விதழ் 2019இல் நின்றுவிட்டதால், கேட்டறிய ஓர் அலுவலகமும் இன்றில்லை. நாள், திங்கள், ஆண்டு, பக்கம் ஆகியவற்றோடு, பார்த்த படி எந்நூலகத்தில் உள்ளது, தாளா நுண்படச் சுருளா என்பதையும் குறித்தல் வேண்டும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் தந்துள்ளது. அங்கே பார்த்தவர்கள் தாம் பார்த்த நாளை மட்டும் எழுதி இதழின் நாளை விட்டுவிடுகின்றனர். இணைய முகவரி நாளை மாறலாம்; இதழின் நாளும் பக்கமும் மாறா. ஒரு பக்கத்தில் பல செய்திகள் நெருங்கியிருப்பின் தலைப்பையும் எத்தனையாவது பத்தி என்பதையும் சேர்த்துக்கொள்வது, அடுத்து வந்து நுண்படச் சுருளைச் சுழற்றுபவரின் பிற்பகலொன்றை மிச்சப்படுத்தும்.